என்னை யாரும் அடிக்கவில்லை

முதலில் கறுத்தது என் வலது கண்தான். காலையில் முகம் கழுவித் துண்டால் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது, மேல் இமையில் நாவல்பழச் சாறு பட்டது போல ஒரு கறை தெரிந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. அழுக்கோ என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். சாயங்காலத்துக்குள் கண்ணைச் சுற்றி முழுவதும் ஊதாவாகிவிட்டது. அந்த வாரமே இடது கண்ணும் துணைக்கு வந்துவிட்டது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் எங்கள் வீடு. செனாயில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கும் பிரிவில் சூப்பர்வைசர். என் கணவர் தனபாலன் அதே தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறார். ஒரே மகள் திவ்யாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய்த் திரும்புகிறாள். ‘அமிலாய்டோசிஸ்’ என்ற பெயரை டாக்டர் வாயால் முதல் தடவை கேட்டுவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி உட்கார்ந்திருந்தவள்தான்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை ஆ லிங் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் சூடாக அவித்த முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். சீனர் வீடுகளில் அடிபட்ட இடத்தில் முட்டையை உருட்டுவார்கள்; இரத்தக்கட்டு கரையும் என்பார்கள்.

“உருட்டு லா, கலா. எங்க அக்காவும் இப்படித்தான் உருட்டிக்கிட்டு இருந்தா. இப்ப புருஷன தொரத்திட்டா, முட்டைய திங்கிறா” என்றாள் மலாயில்.

“ஐயோ ஆ லிங், இது தானா வந்துச்சு.”

“ஆமா லா. எல்லாருக்கும் தானாத்தான் வரும்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிவில் இருந்த அத்தனை பெண்களும் ஏன் இரண்டு நாளாக என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள் என்பதும் புரிந்தது. நான் வேலையில் கறாரானவள். என்னைக் கண்டால் ஓடுகிறவர்கள்கூட அந்த வாரம் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள்.

என் கணவருடைய பஸ்ஸில் முன் இருக்கைகளுக்கு எப்போதும் போட்டி இருக்கும். அங்கே உட்கார்ந்தால் அவரோடு கதை பேசிக்கொண்டே வரலாம். ஒரு நாள் காலை முன் இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன. பெண்கள் எல்லோரும் பின்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாராம். இதை அவர் என்னிடம் சொன்னதே பல மாதங்களுக்குப் பிறகுதான்.

கண் மட்டும் இல்லை. அதற்கு முன்பே உடம்பு எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை. கணுக்கால் வீங்கியது, நாள் முழுக்க நிற்கிறோமே என்று விட்டேன். சிறுநீரில் நுரை வந்தது. தண்ணீர் குடிப்பது போதவில்லை என்று நினைத்தேன். விரல்கள் மரத்துப் போயின. நாக்கு தடித்து ஓரங்களில் பல்லின் அச்சு விழுந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு சமாதானம் தயாராக இருந்தது. இவற்றில் இரண்டு மூன்று உங்களுக்கும் சேர்ந்து வந்தால், சமாதானம் தேடாமல் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

என் கணவர்தான் என்னை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த இளம் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவரை வெளியே உட்காரச் சொன்னார். கதவு சாத்தியதும், வீட்டில் நான் பாதுகாப்பாக இருக்கிறேனா என்று மலாயில் மெல்லக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் மறுக்க மறுக்க அவர் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது. ஆனால் அந்தப் பெண் சந்தேகத்தோடு நிற்கவில்லை. காலை அழுத்திப் பார்த்தார். கட்டைவிரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. நாக்கை நீட்டச் சொன்னார். சிறுநீரைப் பரிசோதித்தார். ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்கு அவசரம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பெரிய மருத்துவமனைக்குப் போகும் முன்பே யாரோ பெக்கோக்குக்குப் போன் போட்டுவிட்டார்கள். அங்கே என் அண்ணன் குமரேசன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அப்பா இறந்தபிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை லோரியோடு வந்து எங்கள் வீட்டு வாசலை அடைத்து நிறுத்தினார். இறங்கியவர் என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என் கணவரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, ஓங்கி ஓர் அறை விட்டார்.

“எந்தங்கச்சி மேல கை வைக்கிறியா நீ?”

“அண்ணே, விடுங்க அவர! அவரு ஒண்ணும் செய்யல, சத்தியமா!”

“நீ உள்ள போ. அடி வாங்குறவ எவ வெளிய சொல்லியிருக்கா?”

அக்கம்பக்கத்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் தடுக்க வரவில்லை. வேண்டியதுதான் என்கிற முகம் அவர்களுக்கு. என் கணவர் திருப்பி அடிக்கவில்லை. கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக லீவு சொல்லியிருக்கேன், மச்சான். நீங்களும் வாங்க. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு நீங்களே கேளுங்க.” அண்ணன் தரையில் துப்பிவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானம் நான் சமைக்கவில்லை. எனக்குக் கோபம் அண்ணன் மீதா, ஊர் மீதா, இந்தக் கண்கள் மீதா என்று தெரியாமல் அழுதுகொண்டே இருந்தேன்.

மருத்துவமனையில் என் வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் ஊசியால் எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் துளைபோட்டு மஜ்ஜை (எலும்புக்குள் இரத்தம் உற்பத்தியாகும் இடம்) எடுத்தார்கள். நடைபாதை நாற்காலிகளில் நாங்கள் பல காலைகளைக் கழித்தோம். என் கணவர் எனக்கு ஒரு நாற்காலி தள்ளித்தான் உட்காருவார். ஏன் என்று கேட்டதற்கு, “பாக்குறாங்க” என்றார்.

இரத்தநோய் நிபுணர் டாக்டர் இராஜேஸ்வரி யாழ்ப்பாண வம்சாவளியைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா இரயில்வேயில் வேலை பார்க்க வந்தவராம். தமிழை நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார், ஆனால் முக்கியமானதைச் சொல்லும்போது தமிழில்தான் சொல்வார். அவர் சொன்ன பெயர் ஏ.எல். அமிலாய்டோசிஸ் (மஜ்ஜையில் உள்ள சில அணுக்கள் கோணலாக மடிந்த புரதத்தைச் செய்து உடம்பெங்கும் படியவிடும் நோய்). எனக்கு என் வேலையை வைத்துத்தான் அது புரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் கோளாறான பாகங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிடுவோம். என் உடம்பில் அப்படிப் பொறுக்க ஆள் இல்லை. கழிக்க வேண்டியவை எல்லாம் சிறுநீரகத்தில், நாக்கில், இரத்தக் குழாய்ச் சுவரில் போய்க் குவிந்துவிட்டன.

“கண்ணச் சுத்தி தோல் ரொம்ப மெல்லிசு. அங்க இருக்கிற ரத்தக் குழாய்ல இந்தப் புரதம் படிஞ்சிருக்கு. இருமினா போதும், தொடச்சா போதும், உடைஞ்சிடும்” என்றார் டாக்டர்.

என் கணவர் உடனே சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். எண்ணை அழுத்தி, இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினார். “டாக்டர், இத அப்படியே அவங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடாது.”

டாக்டருக்கு என்ன ஏது என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு வாங்கிப் பேசினார். “நான் டாக்டர் பேசுறேன். உங்க தங்கச்சிய யாரும் அடிக்கல. இது ஒரு நோய்.”

மறுமுனையில் அண்ணன் தணிந்த குரலில் கேட்டது எனக்கே கேட்டது. “டாக்டர், அவன் பக்கத்துலயா நிக்கிறான்? ஆமான்னா சும்மா ஒரு தடவ இருமுங்க.”

அந்த அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். நோயின் பெயரைக் கேட்டு நிம்மதிப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் புருஷன் நல்லவர் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு என் இதயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இதயச் சுவரிலும் அது படியத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்குக் கொஞ்சம்தான் என்றார். சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலில் மருந்து சிகிச்சை. வாரம் ஒரு தடவை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி, கூடவே மாத்திரைகள், ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்ட நாளில் எனக்கு உட்கார முடியாது. சமையலறை அலமாரியை எல்லாம் இறக்கிக் கழுவி ஏற்றுவேன். யார் வாய் கொடுத்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மறுநாள் துணி மாதிரிக் கிடப்பேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் அது மருந்து பேசுவது என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான் சொல்லாமல் விட்டு, திவ்யாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

இரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை சுற்றினால்கூடக் கையில் ஊதா வளையம் விழும். எழுந்தால் தலை சுற்றும். கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று தாதிகள் என் கணவரிடம் சொல்வார்கள். அவர் பிடிக்க மாட்டார். முழங்கையை மடக்கி நீட்டி, “நீ புடிச்சுக்க” என்பார். தன் விரல் அச்சு என் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பயம். படுக்கையில் என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போதுகூடத் துண்டை என் முதுகுக்குப் பின்னால் போட்டு, துண்டின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்குவார். எனக்கு அது அழுகையாக வரும். ஒரு நாள் பொறுக்காமல், “நான் என்ன அரிசி மூட்டையா?” என்று கத்திவிட்டேன். அப்போதும் துண்டை விடவில்லை.

சில மாதம் கழித்து டாக்டர் இராஜேஸ்வரி எங்களை உட்கார வைத்துப் பேசினார். மருந்து பாதிதான் வேலை செய்திருக்கிறது. கோணல் புரதம் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. அடுத்த வழி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை (ஸ்டெம் செல் என்பது எல்லா இரத்த அணுக்களும் பிறக்கிற தாய் அணு).

அன்று அண்ணனும் வந்திருந்தார். டாக்டரின் போனுக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர், திவ்யா ஏதோ சொல்லி, பெக்கோக்கிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பி வந்துவிட்டார். என் கணவர் இருந்த பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. ‘மாற்று’ என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து சட்டைக் கையை மடக்கினார்.

“என்னோடத எடுங்க டாக்டர். பாதி வேணுமா, முழுசா வேணுமா, எடுத்துக்குங்க. கூடப் பொறந்தவன் நான்தான்.”

“இல்ல அண்ணே. இதுக்கு வேற ஆள் வேணாம். அவங்களோடதையே எடுத்து அவங்களுக்கே குடுக்கிறது.”

“அவளோடதேவா?” அண்ணன் மடித்த கையோடு அப்படியே நின்றார். “அப்ப நான் எதுக்கு?”

அவருடைய முகம் சின்னப் பையனின் முகம்போல விழுந்துவிட்டது. வாயால் கேட்க முடியாத ஒரு மன்னிப்பை இரத்தமாகக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று வந்திருந்தார், பாவம். எனக்கு அவர்மீது இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது.

டாக்டர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். முதலில் என் தாய் அணுக்களை இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து உறையவைப்பார்கள். பிறகு மெல்பலான் என்ற கடுமையான மருந்தை ஏற்றி, மஜ்ஜையைத் துடைத்துவிடுவார்கள். நோயைச் செய்யும் அணுக்களும் போகும், நல்லவையும் போகும். அதன்பின் உறையவைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். நோயைத் தீர்ப்பது ஸ்டெம் செல் என்றுதான் பலர் நினைக்கிறோம். தீர்ப்பது மருந்து. ஸ்டெம் செல், அந்த மருந்திடமிருந்து நம்மைக் காப்பாற்ற வருவது. நீங்கள் சேர்ந்திருக்கும் மருத்துவமனையில் இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

“மத்தவங்களுக்கு இத செய்றதுக்கும் உங்களுக்கு செய்றதுக்கும் வித்தியாசம் இருக்கு” என்றார் டாக்டர். “உங்க இதயத்துல கொஞ்சம் படிஞ்சிருக்கு. நடுவுல தண்ணி தேங்கலாம், துடிப்பு மாறலாம். உயிருக்கே ஆபத்து வரலாம், மறைக்க மாட்டேன். ஆனா இப்ப செய்யலாம். இதயம் இன்னும் கெட்டுச்சுன்னா, நீங்களே வந்து கேட்டாலும் நான் செய்ய மாட்டேன்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஸ்கூடாய் தாண்டியதும் என் கணவர் காரை ஓரம் கட்டினார்.

“வேணாம் கலா. இந்த ஊசியே போட்டுக்கிட்டு இருப்போம்.”

“அதுதான் பத்தலன்னு சொல்லிட்டாங்களே.”

“உள்ள போயி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கடைசில நாந்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க.”

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. “நான் சாகக் கெடக்கேன், உங்களுக்கு உங்க பேருதான் பெருசா?”

அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். பக்கத்தில் கனரக வண்டிகள் போகப் போக எங்கள் கார் ஆடியது. “பேரு போனது போனதுதான். ஊருல எத்தன பேருக்கு டாக்டர் போன் போட்டு சொல்லுவாங்க? நான் அடிக்கலன்னு என் பக்கத்துல நின்னு சொல்ல நீ ஒருத்திதான் இருக்க. நீயும் போயிட்டா நான் என்ன செய்வேன்?”

எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் ஒரு மனிதர் எதற்குப் பயப்படுகிறார் என்று நமக்குத் தெரிவதில்லை. நான் சரி என்று சொல்லப்போகிறேன் என்று அவரிடம் அந்தக் காரிலேயே சொல்லிவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள், பயம்தான். சும்மா இருந்தாலும் சாவு வரும், அது மெல்ல வரும் என்பது மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தாய் அணுக்கள் எலும்பைவிட்டு இரத்தத்துக்கு வருவதற்கு ஊசி போடுவார்கள். இடுப்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து தட்டுவது போல வலிக்கும். அந்த நாட்களில் எனக்குக் கால் மறுபடி வீங்கியது. தினமும் எடை பார்த்து, குடிக்கும் தண்ணீரை அளந்தார்கள். பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் இருக்கும்போது உதட்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சுண்ணாம்புச் சத்து குறைவதால் அப்படி, உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

மெல்பலான் ஏறும்போது வாயில் ஐஸ் கட்டியை மென்றுகொண்டே இருக்க வேண்டும். வாய்க்குள் இரத்த ஓட்டம் குறைந்தால் மருந்து அங்கே அதிகம் போகாது, புண் குறையும். தாதி ஒரு பெரிய குவளை நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து வைத்தாள். துருவிய ஐஸில் பயறும் சிரப்பும் போட்டு விற்கிற ஐஸ் கச்சாங்கை நினைத்து, கச்சாங் எங்கே, சிரப் எங்கே என்று கேட்டேன். முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தாள். தாடை மரத்து, தலை இடிக்கிற வரை மென்றேன்.

அணுக்களைத் திருப்பி ஏற்றிய நாளை எல்லோரும் என் புதுப் பிறந்தநாள் என்றார்கள். கேக்கைப் பார்த்தாலே குமட்டுகிற பிறந்தநாள். பார்ப்பதற்குத் தக்காளிச் சாறு போல ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். அறை முழுக்க அவித்த சோளம் மணந்தது. உறையவைக்கச் சேர்க்கிற பொருளின் மணம் அது. இரவுச் சந்தையில் சோளக்கடையைத் தாண்டும்போது இன்னமும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

அதன்பிறகுதான் என் உடம்பு சரிந்தது. வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயின. காய்ச்சல் வந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இரத்த அழுத்தம் விழுந்தது. ஒரு பிற்பகல் என் நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு ஒழுங்கில்லாமல் குதித்ததை நானே பார்த்தேன். கூடவே அறைக்குள் ஆட்களும் கூடினார்கள். டாக்டர் இராஜேஸ்வரி என் காதருகே குனிந்து, “கலா, என்னப் பாருங்க, மூச்சு விடுங்க” என்று சொன்னது நினைவிருக்கிறது. அவர் தமிழ் அன்று எங்கேயும் நிற்கவில்லை. மகளைக் கூப்பிடச் சொல்லி என் கணவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சாகப் போகிறேன் என்று நினைத்தேன். திவ்யா இந்நேரம் பாலத்தில் நெரிசலில் மாட்டியிருப்பாளே என்றும் நினைத்தேன்.

அடுத்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது திவ்யா சொல்லித்தான். தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவுகிறவை) குறைந்துபோனதால் என் இரண்டு கண்களும் முன்னெப்போதும் இல்லாதபடி கறுத்துவிட்டன. அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். அண்ணன் வந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாராம். யாரும் தொடாத அறைக்குள், படுத்த இடத்திலேயே தங்கையின் முகம் அப்படிக் கறுத்துக் கிடந்தது. அண்ணன் நெடுநேரம் அங்கேயே நின்றாராம்.

நடைபாதை பெஞ்சின் ஒரு கோடியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் எங்கோ போய்விட்டு ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். மறு கோடியில் உட்காராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, சாப்பிட்டீங்களா?”

“இல்ல மச்சான்.”

“சாப்பிடுங்க. நான் இங்கயே இருக்கேன், பாத்துக்கறேன்.”

என் கணவர் பொட்டலத்தைப் பிரித்தாராம். முதல் வாயை வைத்ததும் இரண்டு பேரும் அழுதார்களாம். இதைச் சொல்லும்போது திவ்யாவும் அழுதாள். அன்று எங்கள் வாசலில் விழுந்த அறையைப் பற்றி அதற்குமேல் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மருந்து கொடுத்துத் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு காலை டாக்டர் உள்ளே வந்து, வெள்ளை அணுக்கள் தலைகாட்டுகின்றன என்றார். முதலில் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். என்னுடையவையே எனக்குள் இடம் கண்டுபிடித்துக் குடியேறிவிட்டன. தலையில் ஒரு முடி இல்லை, வாயில் ருசி இல்லை, எழுந்து நிற்கக் கால் இல்லை. ஆனாலும் அன்று பசித்தது. கஞ்சி கேட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் உடனே பழைய ஆளாகிவிடுவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். பல மாதம் பச்சைக் காய்கறி இல்லை, கூட்டம் இல்லை, கோயில் இல்லை. போட்ட தடுப்பூசி எல்லாம் மருந்தோடு போய்விட்டதால் திரும்பவும் முதலிலிருந்து போட வேண்டும். கிளினிக்கில் கைக்குழந்தைகளோடு வரிசையில் உட்கார்ந்திருப்பேன். ஊசி குத்தியதும் குழந்தைகள் அழும். நான் அழாததற்குத் தாதி என்னைப் பாராட்டுவாள்.

இரத்தப் பரிசோதனையில் கோணல் புரதம் அடங்கியிருக்கிறது. போய்விட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்றார். ஏற்கெனவே படிந்தது கரைய வருடங்கள் ஆகலாம். சிறுநீரில் இன்னும் கொஞ்சம் நுரை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். என் காலண்டர் இப்போது அவ்வளவுதான். அடுத்த வருடம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் அடுத்த பரிசோதனை வரைக்கும் மட்டும் போய் நின்றுகொள்வேன்.

போன தடவை பரிசோதனை முடிந்து வெளியே வந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் கார். நான் டாக்டர் சொன்ன நல்ல வார்த்தையை நினைத்துக்கொண்டே சாலையில் காலை வைத்துவிட்டேன். ஒரு மோட்டார் சைக்கிள் சீறி வந்தது. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். நான் அவர் மார்பில் போய் மோதினேன்.

“எருமமாடே! கண்ணு தெரியல? இவ்வளவு பாடுபட்டு வந்துட்டு நடுரோட்டுல சாகப் போறியா?”

பஸ் நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் தெரிந்தது, பார்க்கிறார்கள் என்று. கையை விடவில்லை. கார் வரைக்கும் அதே இறுக்கத்தில், திட்டிக்கொண்டே, கூட்டிப்போனார். எனக்கு மணிக்கட்டு வலித்தது. விடுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மணிக்கட்டில் அவருடைய விரல்கள் தெரிந்தன. என் தோல் இன்னும் முழுதாகத் தேறவில்லை. அவர் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனார். நான் குட்டைக்கை சட்டையைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். காய்கறிக்கடைப் பெண் கையைப் பார்த்தாள், கேட்கத் தயங்கினாள்.

“என் வீட்டுக்காரரு செஞ்சது” என்றேன். “இதுதான் முதல் தடவ.”

கறுப்பு ஊதாவாகி, ஊதா பச்சையாகி, இன்று காலை மஞ்சளாகியிருக்கிறது. இன்னும் சில நாளில் அது மறைந்துவிடும். அது மறையும்போது நான் இங்கே இருப்பேன்.